சிங்கம், ஈமு, இளஞ்சிவப்புக் குமிழ்: ஓர் அட்டைப்பட வழக்கு

1965 ஆகஸ்டில் அமெரிக்காவின் பாலன்டைன் பதிப்பகம் ஆங்கில எழுத்தாளர் டோல்கீனின் ‘தி ஹாபிட்’ நாவலைப் பேப்பர்பேக்காகக் கொண்டுவந்தது. அட்டையில் ஒரு சிங்கம். கூடவே ஈமு பறவைகள். முன்னால் மரமா செடியா என்று சொல்ல முடியாத ஒன்று. அதில் இளஞ்சிவப்பாக, குண்டு குண்டாக என்னவோ தொங்குகிறது.

நாவலில் சிங்கம் கிடையாது. ஈமு கிடையாது. குண்டு குண்டாகத் தொங்குவதும் கிடையாது.

சரி, நாவலில் படம் போடத் தோதாக ஒன்றுமே இல்லையோ என்றால், அதுவும் இல்லை. பதின்மூன்று குள்ளர்கள், ஒரு மந்திரவாதி, பேசும் சிலந்திகள், ராட்சதக் கழுகுகள், ஓநாய்க் கூட்டம், கரடியாக உருமாறும் மனிதன், புதையல் குவியல்மேல் படுத்துக் கிடக்கும் டிராகன் என்று ஒரு முழு மிருகக்காட்சி சாலையையே ஆசிரியர் கட்டிக் கொடுத்திருக்கிறார். அதில் எதுவும் போதாமல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஈமுவை வரவழைத்திருக்கிறார்கள் என்றால், அதற்குப் பின்னால் ஒரு கதை இருந்தே தீர வேண்டும்.

மிகுபுனைவு (ஃபேன்டஸி) நாவல்களின் அட்டைகளைப் பார்த்துச் சிரிப்பது பலருக்கும் பிடித்த பொழுதுபோக்கு. பனிமலை உச்சியில் உள்ளாடை அளவுக்குக் கவசம் அணிந்து நிற்கும் வீராங்கனை, ஆள் உயரத்துக்கு மேல் நீளும் வாளை ஒற்றைக் கையில் ஏந்தியவன், யாரைப் பார்க்கிறது என்றே தெரியாத டிராகன். ஆனால் பெரும்பாலும் நம் கையில் இருப்பது அட்டை மட்டும்தான். அது ஏன் அப்படி ஆனது என்று சொல்ல ஆள் இருக்க மாட்டார்கள். இந்த ஹாபிட் அட்டை விதிவிலக்கு. ஆசிரியரின் புகார் இருக்கிறது, ஓவியரின் வாக்குமூலம் இருக்கிறது, பதிப்பகத்தின் விளக்கம் இருக்கிறது, கடைசியில் சிங்கத்துக்குக் கிடைத்த தண்டனையும் பதிவாகியிருக்கிறது. அதனால்தான் இதை எடுத்துக்கொண்டேன். என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த வழக்கில் ஓவியர் குற்றவாளி இல்லை.

அவசரம் தொடங்கிய இடம்

டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ மூன்று பாகங்களும் அதுவரை அமெரிக்காவில் கெட்டி அட்டையில்தான் கிடைத்தன. வெளியிட்டது ஹவ்டன் மிஃப்ளின். அச்சான தாள்களை இங்கிலாந்திலிருந்து வரவழைத்து, அமெரிக்காவில் அட்டை கட்டி விற்றார்கள். வெளிநாட்டில் அச்சான ஆங்கில நூலை எத்தனை பிரதி இறக்குமதி செய்யலாம் என்பதற்கு அன்றைய அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்தில் ஒரு வரம்பு இருந்தது. ஏஸ் புக்ஸ் நிறுவனத்தின் பதிப்பாசிரியர் டொனால்ட் வோல்ஹைம் அந்த வரம்பைப் பிடித்துக்கொண்டார். வரம்பு மீறப்பட்டுவிட்டது, ஆகவே அமெரிக்காவில் இந்த நூலுக்குக் காப்புரிமை இல்லை என்பது அவர் வாதம். 1965 மே மாதத்தில் ஏஸ் தன் முதல் பாகத்தை இறக்கியது. ஜூலைக்குள் மூன்றும் கடைக்கு வந்துவிட்டன. விலை 75 சென்ட். ஆசிரியருக்குச் சல்லிக்காசு ராயல்டி இல்லை.

இதற்கு ஒரே பதிலடி, ஆசிரியர் கையால் திருத்திய, அதிகாரபூர்வமான பேப்பர்பேக்கைச் சீக்கிரம் கொண்டுவருவது. புதிய திருத்தங்கள் இருந்தால் புதிய காப்புரிமை கோரலாம். அந்த வேலை பாலன்டைனிடம் வந்தது. டோல்கீனோ ஒரு காற்புள்ளிக்கு ஒரு வாரம் யோசிக்கும் ரகம். திருத்தம் வந்து சேரவில்லை. காத்திருக்க முடியாத பாலன்டைன், ஹாபிட்டைப் பழைய பாடத்திலேயே ஆகஸ்டில் வெளியிட்டுவிட்டது. மற்ற மூன்றும் அக்டோபரில் வந்தன, 95 சென்ட் விலையில்.

ஆசிரியரே திருத்தி முடிக்காத புத்தகம். அதற்கு அட்டை போடும் ஓவியருக்கு எவ்வளவு அவகாசம் கிடைத்திருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம்.

அந்த ஓவியர் பார்பரா ரெமிங்டன். பிற்காலத்தில் அவர் சொன்னது இதுதான்: பாலன்டைன் அவசரத்தில் இருந்தது, வேலையை ஒப்படைத்தபோது புத்தகங்கள் அவர் கைக்கு வரவில்லை, நண்பர்கள் வழியாக ஒரு பிரதி கிடைக்குமா என்று தேடியிருக்கிறார், படித்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்திருக்கிறார், அமெரிக்காவில் அந்த நூல்கள் எளிதில் கிடைக்கவில்லை, அரைகுறைத் தகவலை வைத்துக்கொண்டுதான் வரைந்தார். பின்னால் புத்தகத்தைப் படித்து டோல்கீன்மேல் பெரும் மரியாதை கொண்டார். முன்பே படித்திருந்தால் இப்படி வரைந்திருக்க மாட்டேன் என்றும் ஒப்புக்கொண்டார்.

இதில் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. அச்சிட்டு விற்கப் போகிற நிறுவனத்தின் மேசையில் அந்தப் புத்தகம் கட்டாயம் இருந்திருக்கும். அட்டை போடுகிறவரோ நண்பர்களிடம் இரவல் கேட்டு அலைகிறார். ஒரு பிரதியை உறையில் போட்டு அனுப்ப எவ்வளவு நேரம் ஆகும்? சரி, அதுகூட வேண்டாம், ஒரு பக்கக் குறிப்பு? “குள்ளமான நாயகன், செருப்பில்லாத ரோமக் கால், மலை, டிராகன்.” தந்தியில் அனுப்பியிருந்தாலும் செலவு அதிகமாகியிருக்காது.

தொலைபேசியில் ஒரு குரல்

டோல்கீனுக்கு அட்டை போய்ச் சேர்ந்தது. அவர் முதலில் அமெரிக்கப் பதிப்பாளருக்குக் கைப்பட ஒரு சிறு குறிப்பு எழுதினார். அதன் சாரத்தை 1965 செப்டம்பர் 12 அன்று லண்டன் பதிப்பாளர் ரேனர் அன்வினுக்கு எழுதிய கடிதத்தில் தருகிறார். அந்தக் கடிதம் அவருடைய கடிதத் தொகுப்பில் அச்சாகியிருக்கிறது. அட்டைப் புகார்களில் இதைவிடச் சுவையான ஒன்றை நான் படித்ததில்லை.

அட்டை அசிங்கமாக இருக்கிறது என்றுதான் தொடங்குகிறார். உடனே ஒரு படி இறங்கி வருகிறார்: பேப்பர்பேக் அட்டையின் முக்கிய வேலை ஆளை இழுப்பது, அமெரிக்காவில் எது இழுக்கும் என்பது உங்களுக்குத்தான் தெரியும், ரசனை பற்றி நான் வாதம் செய்யப் போவதில்லை. (வண்ணங்களும் கொடுமை, எழுத்துருவும் கொடுமை என்பது மனதுக்குள் நினைத்து எழுதாமல் விட்டது என்று அன்வினுக்கு மட்டும் அடைப்புக்குறிக்குள் சொல்லிக்கொள்கிறார்.) அதன்பிறகு கேள்விகள் வருகின்றன. இந்தப் படத்துக்கும் கதைக்கும் என்ன சம்பந்தம்? இது எந்த இடம்? சிங்கமும் ஈமுக்களும் எதற்கு? முன்னால் இளஞ்சிவப்புக் குமிழ்களோடு இருக்கும் அந்த வஸ்து என்ன?

பதில் வரவில்லை. அடுத்து வந்த கடிதத்தில் இந்தக் கேள்விகளை யாரும் தொடவே இல்லை. பிறகு பேப்பர்பேக் பதிப்பகத்தின் சார்பில் ஒரு பெண்மணி அவரைத் தொலைபேசியில் அழைத்தார். நேரில் வருவதாக இருந்தவருக்கு நேரம் கிடைக்கவில்லையாம். உரையாடல் நீண்டது. டோல்கீன் அதே கேள்விகளைத் திரும்பக் கேட்டார். எதிர்முனையில் குரல் சில கட்டைகள் ஏறியது: “அந்த மனிதருக்குப் புத்தகத்தைப் படிக்க நேரமே இல்லை!”

இதைச் சொன்னால் விவகாரம் முடிந்துவிடும் என்று அந்த அம்மா நிஜமாகவே நம்பியிருக்கிறார். ‘அந்த மனிதர்’ என்று அவர் ஆண்பாலில் சொன்னவர் பார்பரா ரெமிங்டன் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அட்டைக்காக வாதாட வந்தவருக்கு அட்டையை வரைந்தது ஆணா பெண்ணா என்பதே தெரியவில்லை. ஓவியர் புத்தகத்தைப் பார்க்கவில்லை. நிறுவனத்தின் சார்பில் பேசியவர் ஓவியரைப் பார்த்ததாகவே தெரியவில்லை. ஆளுக்கு ஒரு திரைக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரே யானையைத் தடவியிருக்கிறார்கள்.

குமிழ்களுக்கும் விளக்கம் கிடைத்தது. மந்த புத்திக்காரனுக்குப் பாடம் எடுக்கும் தொனியில் அவர் சொன்னாராம்: கிறிஸ்துமஸ் மரத்தை நினைவூட்டுவதற்காக அப்படி வரைந்திருக்கிறது.

கிறிஸ்துமஸ் மரம்! ஆகஸ்டில் வெளியான புத்தகத்துக்கு. கிறிஸ்துமஸ் என்ற பண்டிகையே இல்லாத கற்பனை உலகத்துக்கு. இத்தகைய ஆளை ஏன் வெளியே விட்டுவைத்திருக்கிறார்கள் என்று டோல்கீன் அன்வினிடம் புலம்புகிறார். பைத்தியக்கார விடுதியில் அடைபட்டிருப்பதுபோல் தோன்றத் தொடங்கிவிட்டது என்கிறார். ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலம் போதித்த பேராசிரியர், வாழ்நாளெல்லாம் அரக்கர்களோடும் டிராகன்களோடும் பழகியவர், ஒரு தொலைபேசி அழைப்பில் ஆட்டம் கண்டுவிட்டார்.

அந்தக் கடிதத்திலேயே தீர்வும் போகிறபோக்கில் வருகிறது. அந்த ஓவியரோடு சில நிமிடம் பேசியிருந்தாலோ, அமெரிக்கக் கெட்டி அட்டைப் பதிப்பில் உள்ள படங்களை ஒரு பார்வை பார்த்திருந்தாலோ போதுமே என்கிறார். அந்தப் படங்களை வரைந்தது அவரே. 1937-இல் ஹாபிட் முதலில் வந்தபோது உள்படங்களோடு மேலுறையையும் அவர்தான் வரைந்தார்: அடுக்கடுக்கான மலைகள், காடு, ஓரத்தைச் சுற்றிப் பழைய ரூன் எழுத்துகள். சூரியனையும் டிராகனையும் சிவப்பில் கேட்டிருந்தார். கூடுதல் வண்ணத்துக்குச் செலவு அதிகம் என்று பதிப்பகம் மறுத்தது. சிவப்பு போயிற்று, அவரும் ஏற்றுக்கொண்டார். ஆகவே இவரை அச்சகத்தின் கஷ்டம் தெரியாத கோபக்கார எழுத்தாளர் என்று தள்ளிவிட முடியாது. பணத்துக்காக வண்ணத்தை விட்டுக்கொடுத்தவருக்கு, எதற்காகவென்றே தெரியாத சிங்கத்தைத்தான் விழுங்க முடியவில்லை.

தண்டனை, சிங்கத்துக்கு மட்டும்

அடுத்தடுத்த அச்சுகளில் சிங்கத்தை நீக்கினார்கள். படத்தில் அது இருந்த இடத்தின்மேல் வண்ணம் பூசி மறைத்துவிட்டார்கள். ஈமுக்கள் அப்படியே இருந்தன. குமிழ்களும் இருந்தன.

நிறுவனங்கள் ஒரு புகாரை எப்படிக் கையாளும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. நான்கு கேள்வி கேட்கிறார் ஆசிரியர். அவற்றில் ஒன்றின் பாதியை எடுத்துத் தீர்த்துவிட்டு, கோப்பை மூடியிருக்கிறார்கள். சிங்கம் நாவலில் இல்லை என்பதால் போனது என்றால், ஈமு எந்த அத்தியாயத்தில் வருகிறதாம்? என் ஊகம்: ஒற்றை மிருகத்தை மறைப்பது சுலபம், மற்றவற்றையும் எடுத்தால் படத்தில் மிச்சம் ஒன்றும் தேறாது. சிங்கம் உள்ள அந்த முதல் பிரதிகளைச் சேகரிப்பாளர்கள் இன்றைக்கும் தேடிப் பிடிக்கிறார்கள் என்பது சிங்கத்தின் மேல்முறையீட்டு வெற்றி.

‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ மூன்று அட்டைகளையும் ரெமிங்டனே வரைந்தார். மூன்றையும் வரிசையாக வைத்தால் ஒரே நீண்ட படமாகச் சேரும். அந்தப் பதிப்பில் டோல்கீனின் ஓர் அறிக்கையும் அச்சானது: என் சம்மதத்தோடும் ஒத்துழைப்போடும் வந்த பேப்பர்பேக் இது ஒன்றுதான், உயிரோடிருக்கும் ஆசிரியர்களுக்குக் குறைந்தபட்ச மரியாதை காட்ட விரும்புகிறவர்கள் இதையே வாங்குங்கள். பின்னட்டையில் வாங்கச் சொல்லி வேண்டுகோள். முன்னட்டையோ, அவர் சகிக்க முடியாமல் கடிதம் எழுதிய அதே கைவண்ணம். புத்தகத்தை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்று கடைக்காரருக்குக் குழப்பம் வந்திருக்கலாம்.

விற்பனை? அமோகம். அமெரிக்கக் கல்லூரி வளாகங்களில் இந்தப் பதிப்புதான் கையிலிருந்து கைக்கு மாறியது. ஏஸ் நிறுவனம் எதிர்ப்புக்குப் பணிந்து ராயல்டி தர ஒப்புக்கொண்டு, மறுபதிப்பு போடாமல் ஒதுங்கியது. ரெமிங்டனின் மூன்று அட்டைகளும் ஒன்றாக்கப்பட்டுச் சுவரொட்டியாக விற்றன; மாணவர்கள் அறைச் சுவரில் ஒட்டிக்கொண்டார்கள். 1969-இல் ஹார்வர்ட் லம்பூன் என்ற மாணவர் நகைச்சுவை இதழின் குழு ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலைக் கிண்டல் செய்து ஒரு புத்தகம் போட்டபோது, அதன் அட்டையும் ரெமிங்டன் பாணியைத்தான் நக்கலடித்தது. வரைந்தவர் மைக்கேல் ஃப்ரித். நாலு வருஷத்துக்குள் பார்த்தவுடன் அடையாளம் தெரிகிற அளவுக்கு அந்த அட்டை ஊறிப்போயிருந்தால்தான் அந்தக் கிண்டல் எடுபடும். ஒரு தலைமுறைக்கு, டோல்கீன் கதைகள் நடக்கும் மத்திய உலகம் என்றால் கண்முன் வருவது டோல்கீனின் சொந்த மலைகள் அல்ல, இரவலுக்கு அலைந்த ஓவியரின் மலைகள்.

படிக்காமல் வரைந்த மற்றவர்கள்

இப்போது வழக்கின் சிக்கலான பகுதிக்கு வருவோம். ‘படிக்காமல் வரைந்ததுதான் தவறு’ என்று தீர்ப்பெழுதிவிடலாமா? முடியாது. சாட்சி: ஓவியர் ஃபிராங்க் ஃபிராஸெட்டா.

1966 முதல் லான்சர் பதிப்பகம் கோனன் என்ற வாள் வீரனின் கதைகளைப் பேப்பர்பேக்காக வெளியிட்டது. அட்டை ஃபிராஸெட்டாவுடையது. இருட்டு, தழும்பேறிய உடம்பு, கோபம் கொப்பளிக்கும் முகம். கதைகளைத் தான் படிக்கவில்லை, தன் போக்கில்தான் வரைந்தேன் என்று அவரே பின்னால் வெளிப்படையாகச் சொன்னார். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. கோனன் என்றால் இன்றுவரை எல்லோர் மனதிலும் எழுவது ஃபிராஸெட்டாவின் உருவம். 2019-இல் அவருடைய ஓர் அசல் ஓவியம் 54 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

அவருக்குப் பிறகு வந்தவர்கள்தான் நாம் சிரிக்கும் அட்டைகளைப் போட்டவர்கள். ஃபிராஸெட்டாவின் வீரன் பாறைமேல் நின்றால், இவர்களுடைய வீரனும் நின்றான். அவன் காலடியில் ஒரு பெண் இருந்தால், இவன் காலையும் ஒருத்தி கட்டிப் பிடித்துக்கொண்டாள். அசலில் இருந்த இருட்டும் எடையும் நகலுக்கு வரவில்லை, தசை மட்டும் கூடிக்கொண்டே போனது. நகலின் நகலில் மனித உடம்பில் இல்லாத இடத்திலெல்லாம் தசை முளைத்தது. மிகுபுனைவு அட்டைகளின் பெரும்பாலான அபத்தங்கள் இந்த வழியில்தான் வருகின்றன. கொம்பு வைத்த தலைக்கவசத்தையே எடுங்கள். வைக்கிங்குகள் போரில் அப்படி எதுவும் அணிந்ததற்கு ஆதாரம் இல்லை. 1876-இல் பாய்ரொய்ட்டில் வாக்னரின் இசை நாடகத்துக்கு உடை வடிவமைத்த கார்ல் எமில் டோப்ளர் மேடைக்காக மாட்டிவிட்ட கொம்பு அது. நூறு வருஷத்துக்குப் பிறகும் வாள் ஏந்திய ஒவ்வொருவன் தலையிலும் ஏறி உட்கார்ந்துகொண்டது.

படித்து வரைந்தாலும் விபத்து நடக்கும் என்பதற்குச் சாட்சி ஓவியர் ஜோஷ் கிர்பி. டெர்ரி பிராட்செட்டின் முதல் டிஸ்க்வேர்ல்டு நாவலில் கண்ணாடி போட்ட ஒரு சுற்றுலாப் பயணி வருகிறார். கண்ணாடியையே பார்த்திராத ஊர்க்காரர்கள் அவருக்கு நான்கு கண் என்று சொல்கிறார்கள். 1985 பேப்பர்பேக் அட்டையில் அந்த ஆள் நிஜமாகவே நான்கு கண்ணோடு ஓடிக்கொண்டிருக்கிறார். பிராட்செட் கோபப்படவில்லை, கிர்பி தொடர்ந்து பல வருஷம் அவருக்கு அட்டை வரைந்தார். என் கணக்கில் இது மன்னிக்கத்தக்க குற்றம் மட்டுமல்ல, படத்தைப் பார்த்தால் ரசிக்கவும் தக்கது.

1930-களில், கதையிலிருந்து அட்டைக்குப் போகும் இந்தச் சங்கிலி தலைகீழாகவும் ஓடியிருக்கிறது. சிகாகோவிலிருந்து வந்த ‘வியர்ட் டேல்ஸ்’ பத்திரிகையின் அட்டைகளை மார்கரெட் பிரண்டேஜ் பேஸ்டல் சாக்கில் தீட்டினார். ஆபத்தில் சிக்கிய, ஆடை குறைந்த பெண்கள் அவருடைய தனி முத்திரை. அட்டை கிடைத்தால் கதைக்குக் கவனம் கிடைக்கும் என்று தெரிந்த எழுத்தாளர்கள், அட்டைக்குத் தோதான ஒரு காட்சியைக் கதைக்குள் நுழைக்கத் தொடங்கினார்கள். சீபரி குவின் அதில் கைதேர்ந்தவர் எனப் பெயர் வாங்கினார். அட்டையில் வருவது கதையில் இருக்கிறதா என்ற கேள்விக்கே இடமில்லை, அட்டைக்காகத்தானே அது கதையில் இருக்கிறது!

ஆக, படித்தாரா இல்லையா என்பது பாதிக் கேள்விதான். மிச்சப் பாதி, கேட்டவர் என்ன கேட்டார் என்பது. ஃபிராஸெட்டாவிடம் ‘வாள் வீரன்’ என்று சொன்னால் போதும், கதையின் சாரம் அதற்குள் அடங்கிவிடும். ஹாபிட்டை ‘ஏதோ மந்திர உலகம்’ என்று சொல்லி அனுப்பினால் சிங்கம் வரத்தான் செய்யும், குற்றம் சொல்ல முடியாது. பெரிய பதிப்பகங்களில் வழக்கமும் இதற்கு உடந்தை. புத்தகம் வெளிவருவதற்குப் பல மாதம் முன்பே விற்பனைப் பட்டியலுக்கு அட்டை வேண்டும். அந்தச் சமயத்தில் சில நாவல்கள் எழுதியே முடிந்திருக்காது. ஒப்பந்தத்தில் எழுத்தாளருக்குப் பெரும்பாலும் கிடைப்பது கருத்துச் சொல்லும் உரிமை. வேண்டாம் என்று தடுக்கும் உரிமை இல்லை.

முதுகெலும்பு சாட்சி சொல்கிறது

அட்டை நையாண்டியில் நான் மிகவும் மதிக்கும் ஆய்வு, எழுத்தாளர் ஜிம் ஹைன்ஸ் 2012-இல் செய்தது. அவரும் மிகுபுனைவு எழுத்தாளர். நகர்ப்புற மிகுபுனைவு அட்டைகளில் பெண்கள் நிற்கும் கோலங்களைத் தன் உடம்பால் நிற்க முயன்று படமெடுத்து வெளியிட்டார்.

அந்தக் கோலத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். பெண் நமக்கு முதுகு காட்டி நிற்கிறாள். அதே சமயம் மார்பும் நம்மைப் பார்த்திருக்கிறது. அது போதாதென்று முகமும் தோளுக்கு மேலாக இந்தப் பக்கமே திரும்பியிருக்கிறது. ஒரு கையில் கத்தி. எதிரி எந்தத் திசையில் வருகிறானோ அந்தத் திசையை அவள் பார்க்கவே இல்லை. எடை முழுவதும் ஒற்றைக் குதிகாலில், அதுவும் உயர்ந்த குதிகாலில். படத்தில் பார்க்கும்போது கண் பழகிப்போனதால் கடந்துவிடுகிறோம். அதே வளைவை ஒரு நடுத்தர வயது ஆண் செய்து காட்டும்போதுதான் அப்படி நிற்கவே முடியாது என்று புலப்படுகிறது. இடுப்புக்கு மேல் ஒரு திசை, கீழே ஒரு திசை, நடுவில் முதுகெலும்பு அபயம் கேட்கிறது. தனக்கு முதுகு வலித்ததை ஹைன்ஸ் மறைக்கவில்லை. அதே வருஷக் கடைசியில் சக எழுத்தாளர் ஜான் ஸ்கால்ஸியோடு போட்டிபோட்டு இதே மாதிரிக் கோலங்களில் நின்று, ஓர் அரிய நோய்க்கான அறக்கட்டளைக்கு நிதி திரட்டினார்.

இந்த ஆய்வின் சிறப்பு, அதில் வசை இல்லை. ஓவியரின் பெயரை இழுத்துத் திட்டவில்லை. நின்று பார்த்தார், வலித்தது, படத்தைப் போட்டார். மற்றதைப் பார்த்தவர்களே புரிந்துகொண்டார்கள்.

எல்லா அட்டைப் பிழைக்கும் சிரித்துவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். அர்சுலா லெ குவின் 1968-இல் தொடங்கிய எர்த்சீ நாவல்களில் நாயகன் கெட் செம்பழுப்புத் தோல்காரன். அந்த உலகத்தில் பெரும்பாலோர் கறுப்போ பழுப்போதான். ரூத் ராபின்ஸ் வரைந்த முதல் அட்டை அதைக் காட்டியது. பிறகு வந்த பல பதிப்புகளில் கெட் வெளுத்துவிட்டான். லெ குவின் பல ஆண்டுகள் இதைச் சொல்லிச் சொல்லிச் சண்டை போட்டார். புத்தகத்தைப் படிக்க நேரமில்லை என்ற சாக்கு இங்கே செல்லாது. நிறம் முக்கியம் என்று ஆசிரியரே எடுத்துச் சொன்ன பிறகும் நடந்தது அது. சிங்கம் அவசரத்தில் நுழைந்தது. இந்த வெளுப்பு அப்படி நுழைந்ததல்ல, வெள்ளை முகம்தான் விற்கும் என்ற கணக்கு அதற்குப் பின்னால் இருந்தது.

பிழையான படம் நூலுக்கு நன்மை செய்த ஒரு சம்பவமும் உண்டு, அதுவும் இதே ஹாபிட்டுக்கு. 1962-இல் ஸ்வீடிஷ் மொழிபெயர்ப்புக்கு உள்படங்கள் வரைந்தவர் டோவே யான்சன். அவர் வரைந்த கொல்லம் (நாவலில் குகைக்குள் வாழும் ஒரு பிராணி) மலைபோல் எழுந்து நிற்கிறது; எதிரே நாயகன் பில்போ பூச்சி மாதிரி. வாசகர்கள் சிரிக்கலாம். ஆனால் நாவலைத் திரும்பப் புரட்டினால், கொல்லம் என்ன உயரம் என்று டோல்கீன் எங்கும் சொல்லவே இல்லை. யான்சன் படித்துத்தான் வரைந்தார். ஓட்டை பாடத்தில் இருந்தது. அடுத்த திருத்தப் பதிப்பில் டோல்கீன் அந்த வாக்கியத்தில் ‘சிறிய’ என்ற சொல்லைச் சேர்த்தார். அட்டைக்காரரும் படக்காரரும் முதல் வாசகர்கள் என்பதை நினைவில் வைத்தால், படம் தப்பாக வரும்போது சில நேரம் கையெழுத்துப் பிரதியையும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

வழக்கின் இன்றைய நிலை

உரிமம் வாங்கி யாரும் பயன்படுத்தக்கூடிய ஆயத்தப் படங்கள், அதாவது ஸ்டாக் படங்கள் வந்தபிறகு ஓவியருக்கான நேரமும் மிச்சம் என்று ஆயிற்று. முக்காடு போட்ட மனிதன் ஒருவனே பல நாவல்களில் பல பெயர்களில் நடந்துகொண்டிருந்தான். இப்போது அதற்கும் அடுத்த கட்டம். 2023-இல் சாரா ஜே. மாஸ் நாவல் ஒன்றின் பிரிட்டிஷ் பேப்பர்பேக் அட்டையில் இருந்த ஓநாய், செயற்கை நுண்ணறிவில் உருவானது என்று வாசகர்கள் கண்டுபிடித்தார்கள். ஸ்டாக் படத் தளத்தில் உரிமம் வாங்கும்போது அது அப்படிப்பட்ட படம் என்று எங்களுக்குத் தெரியாது என்றது பதிப்பகமான ப்ளூம்ஸ்பரி. அறுபது வருஷத்துக்கு முன் தொலைபேசியில் ஒலித்த அதே குரல்தான், கொஞ்சம் பணிவு கூடியிருக்கிறது. ஒரு வித்தியாசம் மட்டும் பெரிது. ரெமிங்டனிடம் போய் ஏன் சிங்கம் என்று கேட்டிருந்தால் ஒரு பதில் இருந்திருக்கும். அந்த ஓநாயின் காது ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்க ஆளே இல்லை.

அதே 2023-இல் சுயமாக வெளியிடும் மிகுபுனைவு எழுத்தாளர்களுக்காக மார்க் லாரன்ஸ் நடத்தும் போட்டியில், சிறந்த அட்டை எனத் தேர்வான படமும் செயற்கை நுண்ணறிவின் கைவேலை என்று தெரியவந்தது. வாக்களித்தவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. போட்டியிலிருந்து அந்த அட்டை விலக்கிக்கொள்ளப்பட்டது. நாவல்களுக்கான போட்டி தொடர்ந்தது. அட்டைகளுக்கான பிரிவை மட்டும் லாரன்ஸ் இழுத்து மூடிவிட்டார்.